கரியைக் குத்தினால் பச்சை

பழைய நாளில் பச்சை குத்தியவர்கள் தோலுக்குள் பச்சை நிறத்தைக் குத்தியதே இல்லை. அந்தக் காலத்துக் குறத்தியின் ஊசி முனையில் இருந்தது விளக்குக் கரி. கன்னங்கரேலென்று இருக்கும் கரி. அது தோலுக்குள் இறங்கி, புண் ஆறி, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாசி படர்ந்ததுபோல் ஒரு நீலப்பச்சை. போட்டது ஒரு நிறம், கிடைத்தது வேறு நிறம். தமிழ் அந்தக் கலைக்குப் பெயர் வைத்தபோது போட்ட நிறத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையே எடுத்துக்கொண்டது.

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், கோலகங்சார், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்த நிறம் நினைவுக்கு வரும். கித்தா (ரப்பர்) மரம் சீவிவிட்டு வந்து, ஒட்டுப்பால் வாடை போகக் கையைத் தேய்த்துக் கழுவும் ஒரு பாட்டி. முன்கையின் உள்பக்கம் புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கோலம். அதற்குக் கீழே நான்கைந்து எழுத்துகள். மணிக்கட்டுக்கு அருகில் ஒரு தேள். எத்தனை தேய்த்தாலும் ஒட்டுப்பால் போகும், அழுக்குப் போகும், அது மட்டும் போகாது. பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளை, ஏன் அது மட்டும் போகவில்லை என்று கேட்டிருப்பான். அந்தக் கேள்விக்கு நம்பகமான விடை கிடைத்தது 2018இல்தான்.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். வெயிலின் வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. சிவப்பு ஒளியின் அலைநீளம் அதிகம். அது தோலுக்குள் ஆழமாகப் போகும். அங்கே கிடக்கும் கரித்துகள் அதை விழுங்கிவிடும். நீல ஒளிக்கு அலைநீளம் குறைவு. அது அவ்வளவு ஆழம் போவதற்குள், தோலின் நார்களில் மோதிச் சிதறி, பாதி வழியிலேயே வெளியே திரும்பிவிடும். ஆகவே அந்த இடத்திலிருந்து கண்ணுக்கு வந்துசேரும் ஒளியில் சிவப்பு குறைந்து, நீலம் மிஞ்சியிருக்கும். நம்முடைய மாநிறத் தோலின் பழுப்பும் மஞ்சளும் அதன்மேல் கலக்கும்போது நீலம் பச்சையாகச் சாய்கிறது. கைநரம்பு பச்சையாகத் தெரிவதும், சில குழந்தைகள் முதுகில் நீலத் திட்டோடு பிறப்பதும் இதே கணக்கில்தான். அந்தத் திட்டில் இருப்பது முடிக்குக் கருப்பு தரும் அதே மெலனின். ஆழத்தில் கிடப்பதால் நீலமாகத் தெரிகிறது.

கரி எங்கிருந்து வந்தது? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் அதன் பக்குவத்தை எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாக்குவது. எண்ணெய் விளக்கில் அதை ஏற்றி, மேலே சட்டியைக் கவிழ்ப்பது. சட்டியின் உள்பக்கம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பது. கண்மை செய்யத் தெரிந்த எந்த வீட்டுக்கும் இது புதிதல்ல. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட, 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓட்ஸி என்ற மனிதனின் உடலிலும் 61 பச்சைக் குறிகள் இருந்தன. அவையும் கரிதான். உலகம் முழுக்க மனிதர்கள் கரியையே தேர்ந்ததற்கு வேதியியலில் காரணம் இருக்கிறது. கரியாகிவிட்ட கார்பன் நீரில் கரையாது, கொழுப்பில் கரையாது, உடலின் எந்த நொதியாலும் அதைச் செரிக்க முடியாது. மஞ்சளுக்குக் கிருமி கொல்லும் குணம் உண்டு என்று சொல்லி இந்தப் பக்குவத்தைப் புகழ்கிறவர்கள் உண்டு. ஆனால் திரியில் எரிந்து கரியான பிறகு மஞ்சளில் மஞ்சளின் குணம் எதுவும் மிச்சமிருக்காது. ஒரே ஊசி பல கைகளில் இறங்கிய அந்த நாளில், சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்தவர்களும் இருந்திருப்பார்கள். பழமை என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

ஊசி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவருக்கு விளக்குவது எளிது.

பால் மரத்தின் பட்டையில் பால்குழாய்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. உள்ளே போகப் போக, மரத்தண்டை ஒட்டிய பகுதியில்தான் அவை நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் தண்டுக்கும் நடுவில் இருப்பது வளர்படலம். புதிய பட்டையை உண்டாக்குவது அதுதான். உளி மேலோடு போனால் மங்கில் பால் விழாது. ஆழமாகப் போய் வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கோடு போடவே முடியாது. காயம் போட்டவரைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தி ஏசுவார்கள். ஆகவே வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும்போதே உளி நின்றுவிட வேண்டும். அதுவும் விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் பால்குழாயின் அழுத்தம் குறைந்துவிடும் என்பதால்தான் அந்த இருட்டு வேலை. மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பச் சீவும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்தார். அதற்கு முன்பே, 1877இல், பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் முதல் கன்றுகளை நட்டிருந்தார். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது.

தோலிலும் இதே கணக்குத்தான். மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அடியில் புதுச் செல்கள் பிறந்து மேலேறி, செத்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குள் மட்டும் மை நின்றால் ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும். மருதாணி அப்படித்தான் போகிறது. இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் மேல்தோலின் கெரட்டினோடு பிணைந்து, அந்தச் செல்கள் உதிரும்போது தானும் உதிர்கிறது. ஊசி ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை இறங்கி, கீழே இருக்கும் உள்தோலில் கரியை விட வேண்டும். அதையும் தாண்டிக் கொழுப்புக்குள் போனால் மை கசிந்து, கோட்டைச் சுற்றிக் கலங்கலாகப் பரவிவிடும். மூன்று நான்கு ஊசியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அளவுகோல் எதுவும் இல்லாமல், கை உணர்விலேயே அந்த ஒரு மில்லிமீட்டரைப் பிடித்தார்களே, அந்தப் பெண்களின் திறமையை யாரும் சரியாக எழுதிவைக்கவில்லை.

உள்தோலில் விழுந்த கரி அங்கே சும்மா கிடப்பதில்லை. இந்த இடத்தில் கதை இத்தாலிக்குப் போகிறது.

1882இல் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த ருஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகோவ், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு யோசனை தோன்றியது. ரோஜா முள்ளைக் கொண்டுவந்து குஞ்சின் உடலில் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது, நகரும் செல்கள் எங்கிருந்தோ வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை விழுங்கி உடலைக் காக்கும் செல்கள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் பெரியவற்றின் பெயர் மேக்ரோபேஜ். தமிழில் பெருவிழுங்கி என்கிறார்கள்.

பச்சை குத்தியதும் மையை விழுங்குவது இவைதான். ஊசி ஏற்படுத்தியது காயம், உள்ளே வந்தது அந்நியப் பொருள், ஆகவே விழுங்கு. கிருமியாக இருந்தால் விழுங்கிச் செரித்து முடித்திருக்கும். கரியைச் செரிக்க வழியில்லை. வயிற்றில் கரியோடு அந்தச் செல் அங்கேயே தங்கிவிடுகிறது. பாட்டியின் கையில் தெரிந்த கோலம், கரியை விழுங்கிவிட்டு நகராமல் நின்ற லட்சக்கணக்கான செல்களின் வரிசை.

சரி, அந்தச் செல்கள் என்றும் உயிரோடு இருக்குமா? இருக்கும் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 2018இல் பிரான்சின் மார்செய் நகரில் சாந்திரின் ஆன்ரி, பெர்னார் மாலிசென் ஆகியோரின் குழு அதைச் சோதித்தது. எலிகளின் வாலில் பச்சை மையைக் குத்தினார்கள். பிறகு, பெருவிழுங்கிகளை மட்டும் குறிவைத்து அழிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். மையைச் சுமந்த செல்கள் செத்தன. குறி அழிந்திருக்க வேண்டும் அல்லவா? அழியவில்லை, மங்கக்கூட இல்லை. செத்த செல்லிலிருந்து சிந்திய மையை, அந்த இடத்துக்குப் புதிதாக வந்த செல் விழுங்கிக்கொண்டது. இன்னொரு சோதனையில், பச்சை குத்திய தோலை வெட்டி வேறோர் எலியின் உடலில் ஒட்டினார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், மையைச் சுமந்த செல்களில் பெரும்பாலானவை இரண்டாவது எலியின் செல்கள். படம் அதே படம், சுமப்பவர் வேறு.

ஆக, தோலில் எழுதியது நிலைப்பது பாறையில் எழுதியது நிலைப்பதைப் போல அல்ல. ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புன் சுண்ணாம்புக் குன்றில் பழங்காலத்துப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. 1959இல் வெளியுலகுக்குத் தெரியவந்தவை. இரும்புத் தாதுச் சிவப்பில் வரைந்த விலங்குகளும் மனிதர்களும் பாறையில் பூசியபடியே இருக்கிறார்கள், மழையும் வெயிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. அங்கே யாரும் எதையும் சுமக்கவில்லை. தோலில் அப்படியில்லை. ஒன்று விழுந்தால் இன்னொன்று ஏந்திக்கொள்ளும் வேலை, உயிர் இருக்கும்வரை ஒருநாளும் நிற்காமல் நடக்கிறது. கைமாறும்போது சில துகள்கள் அக்கம்பக்கம் நகர்ந்துவிடும். அதனால்தான் ஐம்பது அறுபது ஆண்டில் கோடு தடித்து, ஓரம் கலங்கி, அடுத்தடுத்த புள்ளிகள் ஒட்டிக்கொள்கின்றன. சில துகள்கள் இன்னும் தூரம் போகும். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2017இல், பச்சை குத்தியிருந்து இறந்தவர்களின் நிணநீர்க் கணுக்களில் மைத்துகளைக் கண்டார்கள். கையில் குத்தியதில் ஒரு பங்கு அக்குளில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

பாட்டியின் அதே கையில், தோளுக்குக் கீழே, இன்னொரு குறியும் இருக்கும். வட்டமாக, குழிவாக, அம்மை குத்திய தழும்பு. கப்பலேறுமுன் முகாமிலோ, பினாங்கில் இறங்கியோ போட்டது. இரண்டுக்கும் தமிழ் ஒரே வினையைச் சொல்கிறது, குத்துவது. இரண்டும் அதே காவல் செல்களைத்தான் எழுப்பின. ஒன்று நோயின் அடையாளத்தை உடலுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தழும்பாக அடங்கியது. மற்றது பெயரையும் கோலத்தையும் அந்தச் செல்களின் கையில் கொடுத்துவிட்டது.

என்ன பெயர்? பெரும்பாலும் புருஷன் பெயர், அல்லது அப்பா பெயர். கணவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த காலம் அது. ஆபீசில் கிராணி கேட்டால் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். வாயால் சொல்லாத அந்தப் பெயரைத்தான் வெயிலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில், இரத்தம் வர எழுதிக்கொண்டார்கள். அவர்களில் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தன் கையில் இருப்பது யார் பெயர் என்று தெரியும், அது எந்த எழுத்து என்று தெரியாது. தமிழ்ப்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளை ஒருநாள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டும்போதுதான், அது கண்ணால் படிக்கிற பெயராகவும் ஆனது.

கோலத்துக்கு வேறு காரணம். வாசலில் போடும் சிக்குக் கோலத்தையும் கையில் குத்தும் கோலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மானுடவியலாளர் ஜான் லேயார்ட் 1937இல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டும் வாசலைக் காப்பவை. ஒன்று வீட்டின் வாசல், மற்றது உடம்பின் வாசல். செத்தால் தாலியும் வராது, தோடும் வராது, பச்சை மட்டும் கூட வரும் என்று கிழவிகள் சொல்வதும் இதோடு சேர்ந்தது. ஊரைவிட்டு ரஜூலா கப்பலில் ஏறிய பெண்ணுக்கு அந்தப் பேச்சு வெறும் நம்பிக்கையாக மட்டும் இருந்திருக்காது. மூட்டையைக் களவு கொடுக்கலாம், நகையை அடகு வைக்கலாம். பாயும் பானையும் லயத்துக்கு லயம் மாறும். கையில் குத்தியதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன்பின் வரத்து குறைந்தது, அந்தக் கைகளும் குறைந்தன.

எடுத்துக்கொள்ள முடியாது என்பதே கொடுமையாகவும் ஆனதுண்டு. இதே கடலில், இதே பினாங்குக்கு, தோட்டத்து ஆட்களுக்கு முன்பே இந்தியாவிலிருந்து ஆயுள் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பலரின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சையாகக் குத்தி அனுப்பினார்கள். வங்காளத்தில் 1797இல் சட்டமாகி, 1849இல் கைவிடப்பட்ட தண்டனை அது. கோத்னா என்று பெயர். தலைப்பாகையைக் கண்வரை இறக்கிக் கட்டி அதை மறைத்துக்கொண்டவர்கள் உண்டு. கரி ஒன்றுதான், ஊசி ஒன்றுதான், அதைச் சுமந்த செல்லும் ஒன்றுதான். யார் சொல்லிக் குத்தினார்கள் என்பதில் இருக்கிறது எல்லா வேறுபாடும். அந்த வேறுபாடு எந்த நுண்ணோக்கியிலும் தெரியாது.

தோட்டங்கள் போனது அடுத்த தலைமுறையில். நாடு விடுதலை பெற்றதை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன, வாங்கியவர்கள் கூறுபோட்டார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றத்தான். மிஞ்சிய இடங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வந்துசேர்ந்தார்கள்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது டாட்டூ கடைக்குப் போகிறார்கள். அங்கே மின்சார ஊசி. சாமுவேல் ஓ'ரெய்லி 1891இல் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கிய கருவியின் வழிவந்தது. எடிசனின் மின்பேனாவைப் பார்த்துச் செய்தது. ஊசி ஒருமுறைதான், கையுறை புதிது, மை புட்டியில் வருகிறது. பாட்டி காலத்து ஆபத்துகளில் பாதி ஒழிந்தது. புதிதாக வந்தவை சில. வண்ண மைகளில், முக்கியமாகச் சிவப்பில், ஒவ்வாமை அதிகம். மையில் சேரும் 4,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். நம்மவர்களில் அது குறைவில்லை. தீபாவளிச் சமயத்தில் வைக்கும் 'கருப்பு மருதாணி'யைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருதாணி ஒருபோதும் கருப்பாகப் பிடிக்காது. கருக்கென்று பிடித்தால் அதில் தலைச்சாயத்துக்கான பி.பி.டி. கலந்திருக்கிறது. கொப்பளம் வரும், சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமே ஒத்துக்கொள்ளாமல் போகும். பிள்ளைகள் கையில் அதை வைக்கவே கூடாது.

அழிக்க நினைப்பவர்களுக்கு லேசர் இருக்கிறது. நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்பு, சுற்றியுள்ள தோலைச் சுடாமல் மைத்துகளை மட்டும் சூடாக்கி உடைக்கும். தூளானதில் கொஞ்சம் நிணநீரோடு வெளியேறும். மீதியைப் புதிய செல்கள் மறுபடி விழுங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒருமுறையில் முடிவதில்லை, மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை போக வேண்டியிருக்கிறது. கரியின் கருப்பு எல்லா ஒளியையும் விழுங்குவதால் எளிதில் உடையும். ஒளியில் சில நிறங்களை மட்டும் விழுங்கும் மஞ்சளும் பச்சையும்தான் அடம்பிடிக்கும்.

கடைக்கு வருகிறவர்களில் சிலர் வேலோ அம்மா பெயரோ கேட்கிறார்கள். சிலர் கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டுகிறார்கள். பாட்டியின் முன்கை. எப்போதோ கல்யாண வீட்டில் எடுத்தது, கை மட்டும் தெரியும்படி பெரிதாக்கியது. இதையே வேண்டும் என்கிறார்கள்.

அப்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. படத்தில் இருப்பது குறத்தி போட்ட கோலம் அல்ல. அறுபது எழுபது ஆண்டுகள் செல்லுக்குச் செல் கைமாறி, தடித்து, ஒட்டி, கலங்கிய கோலம். இப்படியே போடுவதா, அன்றைக்கு இருந்தபடி போடுவதா? அன்றைக்கு இருந்தபடி என்றால் அது எப்படி இருந்தது?

கோலத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. 1974இல் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய துணையாய்வாளர்களும், கோலத்துக்கு இலக்கணம் உண்டு, கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் திட்டமான இலக்கணம் உண்டு என்று காட்டினார்கள். சிக்குக் கோலத்தில் கோடு நினைத்த இடத்தில் திரும்பாது. புள்ளி எத்தனை, எந்த வரிசை என்று தெரிந்துவிட்டால், அழிந்த வளைவு எப்படிப் போயிருக்கும் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கோலம் போடத் தெரிந்த ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தால் கணினியும் வேண்டாம்.

அதனால் பாட்டியின் படத்தோடு வரும் பேத்திகள் தனியாக வருவதில்லை. குத்துகிறவர் கண்ணாடித் தாளைப் படத்தின்மேல் வைத்துப் புள்ளிகளைக் குறிக்கிறார். நடுவில் ஒட்டிப்போன திட்டு ஒரு புள்ளியா, இரண்டா என்று தெரியவில்லை. "அஞ்சு புள்ளிதாம்மா, எங்கம்மா கையில நான் படுத்துக்கிட்டு எண்ணியிருக்கேன்" என்கிறார் பெரியம்மா. பேத்தி ஐந்து வைத்துப் பார்க்கிறாள். கோடு முட்டி நிற்கிறது, சுற்றிவந்து சேரவில்லை. ஏழு வைத்துப் பார்க்கிறாள். பெரியம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலால் முதல் புள்ளியிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்குகிறார்.